வழுக்கி விழுந்தவர்களுக்காக வாதாட விரும்பும் வாசகிக்கு

ஏற்காட்டுக்கு மேலே உள்ள ஒரு மலைக் கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். வயது 26. மலையாளிப் பழங்குடிக் குடும்பம் (கேரளத்து மலையாளிகள் அல்ல, நம் மலைகளில் வாழும் மக்கள்). அப்பா காப்பித் தோட்டத்தில் கூலி. அம்மா மிளகு பறிக்கும் காலத்தில் மட்டும் வேலைக்குப் போகிறவர். சேலத்தில் சட்டம் படித்து, 2025-ல் பதிவு செய்து, இப்போது ஒரு சிவில் வக்கீலிடம் ஜூனியர். மாதம் 5,000 ரூபாய். ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தபின் டீக்குக்கூட மிஞ்சுவதில்லை என்கிறார்.

இவர் மனித உரிமை வழக்குகளை நாடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 மார்ச்சில் சித்தப்பா மகனை ஒரு திருட்டு விசாரணை என்று அழைத்துப்போய், இரண்டு நாள் வைத்திருந்து, எஃப்.ஐ.ஆர். எதுவும் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்தவனால் ஒரு வாரம் உட்கார முடியவில்லை. ‘அன்றைக்கே மனித உரிமை வழக்கறிஞராவது என்று முடிவெடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறார். வீட்டில் அம்மா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். அண்ணன், ‘போலீஸை எதிர்த்தா உன் மேலயே கேஸ் போடுவான், அப்புறம் ஜட்ஜ் பரீட்சையும் எழுத முடியாது’ என்கிறார். இதற்கிடையில் ஒருவர் வந்து, 5,000 ரூபாய் கட்டினால் தம்முடைய மனித உரிமை அமைப்பில் மாவட்ட மகளிரணிச் செயலாளர் பதவியும் அடையாள அட்டையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மேல்படிப்புக்கு டெல்லி போகவேண்டுமா, சம்பாதிக்க முடியுமா, தம்பியின் விஷயத்தை இப்போது மனித உரிமை ஆணையத்துக்குக் கொண்டுபோகலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

நான் சேலம் நீதிமன்றத்தில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகத் தொழில் செய்கிறேன். என் விசிட்டிங் கார்டில் ‘மனித உரிமை’ என்ற சொல் இதுவரை வந்ததில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. கண் மருத்துவர், எலும்பு மருத்துவர் என்பதுபோல இது தனித் துறை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பார் கவுன்சிலில் அப்படி ஒரு பிரிவு கிடையாது, தனிச் சான்றிதழும் கிடையாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும் சாதாரண கிரிமினல் வேலையும் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் நடக்கும் சாதாரண மனு வேலையும்தான் இது. யாருக்காக, எவ்வளவு கவனமாகச் செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிமாண்ட்

சில ஆண்டுகளுக்கு முன்பு. கோர்ட் இல்லாத நாளில் ரிமாண்டுக்கு, அதாவது கைதானவரைக் காவலில் வைக்கும் உத்தரவுக்கு, மாஜிஸ்திரேட் குடியிருப்புக்குத்தான் கொண்டுபோவார்கள். பத்தொன்பது வயதுப் பையன், வலது கையில் ஈரம் காயாத மாவுக்கட்டு. ‘எப்படிப்பா ஆச்சு?’ என்றார் மாஜிஸ்திரேட். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்கய்யா.’ பின்னால் நின்ற ஏட்டு வெளியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க் காவல் நிலையக் கழிவறைகளில் மட்டும் எப்படி இத்தனை பேர், அதுவும் வலது கையாகப் பார்த்து வழுக்கி விழுகிறார்கள் என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

அன்று நான் செய்தது இரண்டே காரியம். போலீஸார் காதில் விழாத தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டேன். பிறகு, ‘அய்யா, இவன் காலைக் கொஞ்சம் பாருங்க’ என்றேன். பையன் உள்ளங்காலைத் தரையில் வைக்காமல் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். வழுக்கி விழுந்தவனுக்கு உள்ளங்கால் இரண்டும் வீங்காது. மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். ரிமாண்ட் உத்தரவில் மூன்று வரி ஏறியது, அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி ஒரு உத்தரவும் வந்தது. போலீஸ்காரர் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்துக் காட்டிய ‘பறிமுதல்’ விசாரணையில் நிற்கவில்லை, பையன் விடுதலையானான். ‘புகார் ஏதுமில்லை’ என்று வழக்கமான வாசகம் அந்த உத்தரவில் விழுந்திருந்தால், பிறகு எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போயும் அதை அழிப்பது கஷ்டம்.

உங்களுக்குப் பக்கத்து மலை சித்தேரி. அதன் அடிவாரத்து வாச்சாத்தி, உங்கள் மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் ரிமாண்ட் ஆகி அடைக்கப்பட்டது நம் சேலம் சிறையில். அவர்களும் ஒரு மாஜிஸ்திரேட் வழியாகத்தானே உள்ளே போயிருப்பார்கள்? பக்கத்தில் ஒரு வக்கீல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம். இந்தத் தொழிலின் காலக் கணக்கு அப்படிப்பட்டது. ஒரு வழக்கில் வென்று பேர் வாங்கிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இரண்டாவது வருஷம் ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே டெல்லி வேண்டாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். எல்.எல்.எம். பின்னால் படிக்கலாம், கெட்டுப்போகாது. முதலில் கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்ற அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு நடைமுறையில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பழகுங்கள். கைதுக் குறிப்பில் (அரெஸ்ட் மெமோ) போட்ட நேரமும் வீட்டுக்குத் தகவல் சொன்ன நேரமும் ஒத்துப்போகிறதா? சாட்சிக் கையெழுத்து யாருடையது? 1996-ல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் சொன்னவை இவைதான். அரெஸ்ட் மெமோவில் ஒரு நேரமும் ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்னொரு நேரமும் இருப்பதைக் கண்டுபிடிக்கிற கண்தான் உங்கள் மூலதனம்.

குண்டர் தடுப்புச் சட்டமான குண்டாஸும் அப்படியே. 1982-ம் வருஷத்து 14-ம் எண் சட்டம், விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கிறது. அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் ஆஜராகக்கூட முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு போடுவதுதான் வழி. அங்கே பல தடுப்புக் காவல் உத்தரவுகள் உடைவது பெரிய அரசியல் சட்ட வாதத்தால் அல்ல. காவலுக்கான ஆவணங்களைத் தொகுத்துக் கைதிக்குக் கொடுத்த புக்லெட்டில் ஏதோ ஒரு பக்கம் படிக்க முடியாத நகலாக இருக்கும், அல்லது இங்கிலீஷ் ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்காது, அல்லது அவர் அனுப்பிய மனு எந்த மேஜையிலோ காரணமில்லாமல் கிடந்திருக்கும். அந்த புக்லெட்டை ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவர் யாரோ, அவர்தான் நீங்கள் ஆக விரும்பும் வழக்கறிஞர்.

உங்களிடம் ஒன்று இருக்கிறது, எனக்கு அது வாய்க்கவில்லை. மலைக்காரர் ஒருவர் ‘ஆமாங்க’ என்று சொல்வது எப்போது சம்மதம், எப்போது பயம் என்று உங்களுக்குத் தெரியும். எங்களைப் போன்ற கீழ்நாட்டு வக்கீல்களுக்கு அது பிடிபட வருஷங்கள் ஆகும். உங்கள் மலையிலேயே சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பிளஸ் டூவோடு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? பழங்குடிச் சான்று ஆர்.டி.ஓ. தருவது. அது இழுபட்டால் முறையாக மேல்முறையீடு போட ஆளில்லை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து பயிர் செய்தவருக்கு உரிமை உண்டு, கிராம சபை வழியாக மனு கொடுக்கலாம் என்பது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? மலையாளிகள் ஒரு மாவட்டத்தில் பழங்குடி, வேறொரு மாவட்டத்தில் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்ற கூத்தும் இருக்கிறது. இந்த வேலைக்குச் சேலத்தைவிட நல்ல ஊர் டெல்லியில் இல்லை.

அந்த அடையாள அட்டை

வாங்காதீர்கள். இதில் ஆலோசனைக்கு அதிகம் இடமில்லை. மாநில மனித உரிமை ஆணையம் 1993-ம் வருஷச் சட்டத்தின்படி அமைந்தது. அது யாருக்கும் மாவட்டச் செயலாளர் பதவி தருவதில்லை. கார் கண்ணாடியில் ‘மனித உரிமை’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு டோல்கேட்டில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் பெயர் ஒருமுறை சேர்ந்துவிட்டால், நாளைக்கு நீங்கள் உண்மையான புகாரோடு நிற்கும்போது எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் எடுத்து வைக்கும். அந்த 5,000 உங்கள் ஒரு மாதச் சம்பளம் வேறு.

வயிற்றுப்பாடு

இலவசமாகத்தான் வாதாட வேண்டும், அப்போதுதான் அது மனித உரிமை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். நான் ஜீவனாம்சம், செக் மோசடி, பாகப்பிரிவினை எல்லாம் நடத்துகிறேன், அதற்குப் பீஸ் வாங்குகிறேன். அந்தப் பணத்தில்தான் மற்ற வழக்குக்கு சென்னை ரயில் டிக்கெட் எடுக்கிறேன். சிவில் சீனியரிடம் இருப்பதை வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா, சிட்டா, அடங்கல் படிக்கத் தெரியாமல் வன உரிமை வழக்கு நடத்த முடியாது. இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

சம்பளம் பற்றி ஒன்று. 2024-ல் உயர் நீதிமன்றம் சொன்னபின் நம் பார் கவுன்சில் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை நிர்ணயித்துச் சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவைக்கு 20,000. சேலம் மாதிரி ஊர்களுக்கு 15,000. நடைமுறை எப்படி என்று உங்களுக்கே தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சுற்றறிக்கையை நீட்டிச் சண்டை போடச் சொல்லமாட்டேன். ஆனால் ‘சார், இப்படி ஒன்று வந்திருக்குங்களே’ என்று ஒரு தடவை மரியாதையாகக் கேட்பதில் குற்றமில்லை.

கேட்டும் நகரவில்லை என்றால் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் என்ற முறை வந்திருக்கிறது. உதவி வழக்கறிஞர் பதவிக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவான அனுபவம் உள்ளவர்களையே எடுக்கிறார்கள். மாதச் சம்பளம் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவரின் ரிமாண்ட், ஜாமீன், விசாரணை எல்லாம் கைக்கு வரும். ஒப்பந்த வேலைதான், தனி வழக்கு எடுக்க முடியாது. இருந்தாலும் நான் ஐந்து வருஷத்தில் பார்த்ததை நீங்கள் ஒரே வருஷத்தில் பார்த்துவிடுவீர்கள். அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள்.

அம்மாவை வில்லியாக்கிவிட வேண்டாம். வங்கி வேலைக்குப் போனால் பதிவை நிறுத்திவைக்கவேண்டும், முழுநேர வேலையும் வக்கீல் தொழிலும் சேர்த்துச் செய்ய முடியாது. பிறகு திரும்பி வரலாம், கதவு மூடிவிடாது. ஆந்திரத்தின் கே. பாலகோபால் கணிதம் கற்பித்தவர், நாற்பதைத் தாண்டியபின்தான் வக்கீல் தொழிலுக்கு வந்தார். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் அந்த வழியும் கௌரவமானதே. கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதில் நான் தீர்ப்புச் சொல்லமுடியாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நஷ்டஈடு வரும் வழக்குகளில் ‘வந்ததில் இத்தனை சதவீதம்’ என்று பேசும் பழக்கம் சிலரிடம் உண்டு. பார் கவுன்சில் விதிப்படி அது தவறு. வன்கொடுமைக்கு ஆளானவரின் நிவாரணத்தில் பங்கு கேட்கிறவர் எந்தப் பெயரில் தொழில் செய்தாலும் நம்மவர் இல்லை.

‘உன் மேலேயே கேஸ் போடுவான்’

அண்ணன் சொல்வது முழுப் பொய் இல்லை. ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக’ ஒரு எஃப்.ஐ.ஆர். எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். போகுமுன் சீனியருக்கோ சங்கத்து நண்பருக்கோ நேரம் குறிப்பிட்டு ஒரு மெசேஜ் போடுங்கள். உள்ளே குரலை உயர்த்தாதீர்கள், கேட்பதை எழுதிக் கொடுத்து ரசீது கேளுங்கள். விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-வது பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லி மனு கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, உள்ளே போய் வாதாடுவதைவிடப் பலமுறை பலன் தந்திருக்கிறது.

ஜட்ஜ் தேர்வு பற்றி அண்ணன் சொல்வது பாதி தவறு. வழக்கு நிலுவையில் இருந்தால் அதைத் தேர்வாணையம் பார்க்கும், கேட்கும், சிக்கல் வரலாம். ஆனால் தானாகவே கதவு அடைபடுவதில்லை. ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் விண்ணப்பத்தில் அதை மறைப்பது. எப்படியும் 2025 மே 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருஷத் தொழில் அனுபவத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே இப்போது நீங்கள் ரிமாண்ட் கோர்ட்டில் கழிக்கும் நாள் எதுவும் அந்தக் கணக்கில் வீணாகாது.

அண்ணனிடம் நம் ஊர் விஜயராகவாச்சாரியார் கதையைச் சொல்லுங்கள். 1882 சேலம் கலவர வழக்கில், தொழிலுக்கு வந்த புதிதிலேயே அவரையே குற்றவாளியாக்கிப் பத்து வருஷம் தண்டனை விதித்தார்கள். உயர் நீதிமன்றம் போய் விடுதலையானார். அதோடு விடவில்லை. நகராட்சி உறுப்பினர் பதவியைப் பறித்ததற்காக அரசின் மேல் வழக்குப் போட்டு 100 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியதும் அவர்தான். தைரியத்துக்காக இதைச் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரமாக வைத்திருந்திருக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

தம்பியின் விஷயம்

இதற்குத்தான் நீங்கள் கடிதமே எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். ஆணையம் போலீஸாரைச் சிறைக்கு அனுப்பும் என்று நம்பியிருக்கிறீர்கள். அதற்கு அந்த அதிகாரம் இல்லை. விசாரித்து நஷ்டஈடும் துறை நடவடிக்கையும் பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது பெரிய பலம்தான். ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போயிருக்க வேண்டும். அந்த 1993-ம் வருஷச் சட்டத்தின் 36-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தக் கதவு 2025 மார்ச்சில் மூடிவிட்டது.

காவல் நிலைய சிசிடிவி பதிவைக் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதிவுகளைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கச் சொன்னது. இப்போது இருக்காது. அடுத்த முறை யாருக்காவது இப்படி நடந்தால் முதல் வாரத்திலேயே, பதிவை அழிக்காமல் வைக்கும்படி பதிவுத் தபாலில் கடிதம் போய்விடவேண்டும்.

மீதியிருப்பது மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார். சம்பவம், புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்பு என்பதால் குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம், நடைமுறைக்குப் புதிய சன்ஹிதா. ஒப்புதல் வாங்க அடித்துக் காயப்படுத்துவது 330-வது பிரிவு. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ளதால் அதற்குக் காலவரம்பு கிடையாது. அதே நோக்கத்தோடு அடைத்துவைப்பது 348. அதற்கு மூன்று வருஷ வரம்பு, அதாவது 2027 மார்ச். எதிர்த்தரப்பு, அரசு அனுமதி இல்லாமல் வழக்கு செல்லாது என்று முதல் நாளே சொல்லும். அடிப்பது கடமையின் பகுதி இல்லை என்று நாம் சொல்வோம். அரசு ஊழியர் என்பதால் மேலதிகாரியின் அறிக்கையும் கேட்கப்படும். இதைவிட எனக்குக் கவலை தருவது ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த ஓ.பி. சீட்டு. பயத்தில் டாக்டரிடம் ‘பைக்கிலிருந்து விழுந்தேன்’ என்று தம்பி சொல்லியிருக்கிறான். அதற்கு விளக்கம் இருக்கிறது, நீதிமன்றம் ஏற்கவும் செய்யலாம். ஆனால் குறுக்கு விசாரணையில் அவனை அதை வைத்தே மணிக்கணக்கில் நிற்கவைப்பார்கள்.

இன்னொன்று, நீங்கள் எதிர்பார்க்காதது. இந்த வழக்கை நீங்கள் நடத்த முடியாது. அவன் வீடு வந்த இரவு முதுகுக் காயத்தைப் பார்த்ததும் மஞ்சள் பற்றுப் போட்டதும் நீங்கள். வீட்டுக்கு வெளியே உங்களைவிட நல்ல சாட்சி அவனுக்கு இல்லை. சாட்சியாகப் போகிறவர் அந்த வழக்கில் வக்கீலாக நிற்கக்கூடாது என்பது தொழில் விதி. கோட்டைக் கழற்றிவிட்டு, சேலை கட்டிக்கொண்டு கூண்டில் ஏறவேண்டும். வழக்கை வேறொருவர் நடத்தட்டும், நானும் இருக்கிறேன்.

நான்கு பக்கத்தில் தம்பி என்ன நினைக்கிறான் என்பது ஒரே ஒரு வரியில் வருகிறது: ‘அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், இதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுகிறான்.’ மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருவான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்போது சட்டப்பிரிவு எதையும் சொல்லாமல், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவனுக்கு இது வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த ஓ.பி. சீட்டைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, அவனைத் தேரைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள்.